‘பீப்’ சத்தம் போதுமா?



நம் பள்ளி சதுரங்க மன்றத்துக்கு ஒரு சதுரங்கக் கணினி வந்திருக்கும் செய்தி உங்கள் எல்லோருக்கும் தெரியும். முன்னாள் மாணவர் ஒருவர் வாங்கிக் கொடுத்தது. நூலக அறையில் ஜன்னலோர மேஜையில் இருக்கிறது. பலகையும் கணினியும் ஒன்றாகவே சேர்ந்தது. காயைத் தூக்கும் கட்டத்தில் லேசாக ஒரு அழுத்து, வைக்கும் கட்டத்தில் இன்னொரு அழுத்து, அவ்வளவுதான். நாம் என்ன ஆடினோம் என்று அதற்குத் தெரிந்துவிடும். தன்னுடைய நகர்வை ஓரத்தில் இருக்கும் சின்னச் சின்ன சிவப்பு விளக்குகளை எரியவிட்டுக் காட்டும். அதன் காயையும் நாம்தான் நகர்த்தி வைக்கணும். (நம்மைத் தோற்கடிக்க நாமே அதற்கு எடுபிடி வேலை பார்க்கணும் என்பது தனிக் கொடுமை!)

அதில் ‘டியூட்டர்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதைப் போட்டு வைத்தால், நாம் மோசமான மூவ் வைத்தவுடன் ‘பீப் பீப்’ என்று கத்தும். விருப்பம் இருந்தால் காயைத் திருப்பி எடுத்து வேறு மூவ் வைக்கலாம். இந்தக் கட்டுரை அந்தப் பட்டனைப் பற்றியதுதான். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடும்போது டியூட்டரை எப்போதும் போட்டே வைக்க வேண்டும், குறுவட்டப் போட்டிக்கு முந்தைய நாள் வரைக்கும் அப்படியே பயிற்சி கொடுக்க வேண்டும் என்று மன்றத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் சம்மதம் இல்லை. பட்டனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை எப்போது போடணும் என்று எல்லாரும் பேசறாங்க, எப்போது அணைக்கணும் என்று ஒருத்தரும் பேசவில்லையே!

முதலில், அந்தப் பெட்டி உள்ளே என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் நிறையப் பேர் அதுக்குள்ளே ஒரு வாத்தியார் உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைக்கிறாங்க. உள்ளே இருப்பது வாத்தியார் இல்லை, கணக்குப்பிள்ளை.

1950-ல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித மேதை, கணினியைச் சதுரங்கம் ஆட வைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு காய்க்கும் ஒரு மதிப்பெண் கொடுத்திருக்கிறார். ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கு 3, குதிரைக்கு 3, சிப்பாய்க்கு 1. ராஜா போனால் ஆட்டமே போச்சு என்பதால் ராஜாவுக்கு 200! (சில வீடுகளில் தாத்தா பாட்டிகள் ராணியைத்தான் மந்திரி என்பார்கள். நான் மந்திரி என்று எழுதுவது குறுக்கே போகும் காயை, அதாவது பிஷப்பை.) இதோடு விடவில்லை. ஒரே வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் சிப்பாய், பக்கத்துணை இல்லாத ஒற்றைச் சிப்பாய், முன்னேற முடியாமல் பின்தங்கிய சிப்பாய் ஆகியவற்றுக்கு அரை மதிப்பெண் கழிவு. காய்கள் நகர எவ்வளவு இடம் இருக்கிறதோ அதற்கு ஏற்ப ஒவ்வொரு நகர்வுக்கும் 0.1 கூடுதல். நம்முடைய மொத்தத்திலிருந்து எதிராளியின் மொத்தத்தைக் கழித்தால் ஒரு எண் வரும். அந்த எண்தான் ‘நிலைமை’. ப்ளஸ் வந்தால் நமக்கு நல்லது, மைனஸ் வந்தால் கெட்டது. பிறகு வந்த கணினிகள் இந்தக் கணக்கில் எத்தனையோ சேர்த்துவிட்டன, ஆனால் அடிப்படை எண்ணம் இதுதான்.

டியூட்டர் செய்யும் வேலை இந்த எண்ணை வைத்துத்தான். நாம் தலையைச் சொறிந்துகொண்டு யோசிக்கும் நேரத்தில் அதுவும் நம் பக்கத்துக்காக யோசித்துக்கொண்டிருக்கும். நமக்கு இருக்கும் எல்லா நகர்வுகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிராளி என்ன பதில் வைப்பார், அதற்கு நாம் என்ன வைப்போம் என்று சில படிகள் போய், கடைசியில் எண்ணைக் கணக்கிடும். நமக்குச் சிறந்த மூவ் வைத்தால் +0.3 கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் வைத்த மூவுக்கு -2.8 வருகிறது. வித்தியாசம் 3.1. கிட்டத்தட்ட ஒரு குதிரையைத் தானம் செய்ததற்குச் சமம். வித்தியாசம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ‘பீப்’. தாண்டாவிட்டால் சத்தமே இல்லை. டியூட்டர் என்பது ஒரு கழித்தல் கணக்கு, அவ்வளவுதான்!

கழித்தல் சுலபம், அதற்கு முன்னால் இருக்கும் தேடல்தான் கஷ்டம். ஒரு நிலையில் சராசரியாக 30 நகர்வுகள் இருக்கும் என்று ஷானன் எடுத்துக்கொண்டார். நமக்கு 30, அதற்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் 30 என்றால் 900 நிலைகள். இரண்டு பக்கமும் ஆளுக்கு இரண்டு நகர்வு போனால் 8,10,000. ஆளுக்கு மூன்று போனால் 72 கோடியே 90 லட்சம்! அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குப் பொதுத்தேர்வே வந்துவிடும். அதனால் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சந்தையில் அம்மா கத்தரிக்காய்க் கூறைப் புரட்டும்போது ஒரு காய் சொத்தை என்று தெரிந்ததும் அடுத்த கூறுக்குப் போய்விடுவார்கள் இல்லையா? மிச்சக் காயை ஒவ்வொன்றாகப் பார்க்க மாட்டார்கள். அதே மாதிரி, நம் நகர்வு ஒன்றுக்கு எதிராளியிடம் ஒரு பலமான பதில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மிச்சப் பதில்களைக் கணினி பார்ப்பதில்லை. அந்த நகர்வு தள்ளுபடி.

இன்னொரு இடத்தில் அது ரொம்பக் கவனமாக இருக்கணும். வெட்டுக்குத்து நடந்துகொண்டிருக்கும்போது பாதியில் எண்ணக் கூடாது. நம் ராணி ஒரு சிப்பாயை வெட்டுகிறது. அந்த நொடியில் எண்ணினால் +1, ஆகா! அடுத்த நொடியில் எதிராளியின் சிப்பாய் நம் ராணியை வெட்டினால்? அதனால் வெட்டுகள் எல்லாம் அடங்கி, ஆட்டம் அமைதியான பிறகுதான் எண்ணும்படி எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது. நம்மில் எத்தனை பேர் வெட்டுவதற்கு முன்னால் கடைசி வெட்டு வரைக்கும் எண்ணிப் பார்க்கிறோம்?

எவ்வளவு வித்தியாசம் வந்தால் கத்தணும் என்பதைத் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். ரொம்பக் குறைவாக வைத்தால் ஒவ்வொரு மூவுக்கும் நை நை என்று கத்தும், பிள்ளைகள் வெறுத்துப்போய் அணைத்துவிடுவார்கள். அதிகமாக வைத்தால் குதிரை போனபிறகும் கம்மென்று இருக்கும். தவிர, ஒரு சிப்பாயின் இழப்பு எப்போதும் ஒரே அளவு வலிப்பதில்லை. ராணி ஒன்று கூடுதலாக வைத்திருப்பவர் ஒரு சிப்பாயை விட்டால் என்ன ஆகிவிடப் போகிறது? சமமான ஆட்டத்தில் அதே சிப்பாய் போனால் ஆட்டமே போகலாம். அதனால்தான் லிசெஸ் போன்ற இணையதளங்களில், காய் மதிப்பை அப்படியே பார்க்காமல், ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு குறைந்தது என்று மாற்றிக் கணக்கிட்டுத் தவறுகளைத் தரம் பிரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்லணும்.

சரி, இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். நம் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த ‘நாலு மூவ் செக்மேட்’டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை சிப்பாய் இ4, கறுப்பு சிப்பாய் இ5. வெள்ளை ராணி நேரே ஹெச்5-க்கு ஓடி வருகிறது. கறுப்பு, இ5 சிப்பாயைக் காப்பாற்றக் குதிரையை சி6-ல் வைக்கிறது. வெள்ளை மந்திரி சி4-க்கு வருகிறது. இப்போது ராணியும் மந்திரியும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறி வைத்தாகிவிட்டது. இந்த இடத்தில் ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் கறுப்பில் ஆடுகிறான். இன்னொரு குதிரையை எடுத்து எஃப்6-ல் வைக்கிறான். ‘பீப் பீப்!’

கத்தியது சரிதான். விட்டால் ராணி எஃப்7-ல் வெட்டி செக்மேட். ஆனால் தம்பி ஏன் அந்த மூவை வைத்தான்? குதிரை எஃப்6-ல் நின்றால் ஹெச்5 ராணியைத் தாக்கும். குதிரையும் வெளியே வந்தமாதிரி ஆச்சு. நல்ல யோசனை! அவன் தாக்குவதைப் பார்த்தான், எதிராளி தாக்குவதைப் பார்க்கவில்லை. இதை அந்தப் பெட்டி அவனுக்குச் சொல்லுமா? சொல்லாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வித்தியாசம் பெரிசு என்பதுதான். தம்பி என்ன செய்வான்? குதிரையைத் திருப்பி எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பான். மறுபடி ‘பீப்’. இன்னொன்று. ‘பீப்’. சாவிக்கொத்தில் எந்தச் சாவி பொருந்துதுன்னு ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கிற மாதிரி, சத்தம் நிற்கும்வரை போட்டுப் பார்ப்பான். கடைசியில் ராணியை இ7-ல் வைப்பான், அல்லது சிப்பாயை ஜி6-க்குத் தள்ளுவான். சத்தம் நின்றுவிடும். ‘அப்பாடா, கண்டுபிடிச்சிட்டேன்’ என்று நினைப்பான். என்னத்தைக் கண்டுபிடித்தான்?

வேடிக்கை இதற்கப்புறம்தான். ஜி6 சிப்பாய் ராணியைத் துரத்துகிறது. ராணி எஃப்3-க்குப் போய் மறுபடியும் எஃப்7-ஐயே குறி வைக்கிறது. இப்போது கறுப்புக்கு நல்ல மூவ் எது தெரியுமா? குதிரை எஃப்6! ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எந்த மூவுக்குக் கத்தியதோ, அதே மூவ். இப்போது குதிரை நடுவில் நின்று ராணியின் வழியை மறைக்கிறது. சத்தத்தை மட்டும் நம்பிய தம்பி, ‘குதிரை எஃப்6 தப்பு’ என்றுதானே மனதில் எழுதி வைத்திருப்பான்? அவனுக்கு அந்த மூவை மறுபடி தொடவே பயமாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. டியூட்டர் பார்ப்பது வித்தியாசத்தை மட்டும்தான் என்று சொன்னேன் அல்லவா? வித்தியாசம் இரண்டு விதமாக வரலாம். நம் காயைப் பறிகொடுத்தாலும் வரும், எதிராளியின் காய் சும்மா கிடப்பதைக் கவனிக்காமல் விட்டாலும் வரும். ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, சொல்லிக் கொடுத்தபடி அழகாகக் கோட்டை கட்டினாள். அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் மாற்றி வைத்தாள். ‘பீப்!’ உடனே கோட்டையைப் பிரித்துவிட்டாள். ‘கோட்டை கட்டுறது தப்பாம்’ என்று பக்கத்தில் இருந்தவளிடம் வேறு சொன்னாள். உண்மை என்னவென்றால், கோட்டையில் ஒரு தப்பும் இல்லை. எதிராளியின் யானை ஒன்று காவலே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது, அதை வெட்டாமல் விட்டாள். யானைக்கு 5 என்பதால் 5 வித்தியாசம், அதனால் சத்தம். ஆபத்துக்கும் அதே சத்தம், அதிர்ஷ்டத்துக்கும் அதே சத்தம்!

விவரமான பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டு வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றும் இல்லாத மூவ் வைத்துவிட்டுச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது. வந்தால், பலகையில் ஏதோ இருக்கிறது, தேடு! செஸ் புதிர் போடுகிறவர்களுக்குத் தெரியும், ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று தெரிந்தாலே பாதி விடை கிடைத்த மாதிரி. போட்டி மண்டபத்தில் இதை யார் வந்து நம் காதில் சொல்லப் போகிறார்கள்?

போட்டி மண்டபம் என்றதும் ஒரு முக்கியமான விதி ஞாபகம் வருகிறது. சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிப்படி, நம் முறையில் நம் காயை வேண்டுமென்றே தொட்டால் அதைத்தான் நகர்த்தணும். வைத்துக் கையை எடுத்துவிட்டால் முடிந்தது. டியூட்டர் எப்போது கத்துகிறது? காயை எடுத்து, வைத்து, கட்டத்தை அழுத்திய பிறகு! போட்டி விதிப்படி பார்த்தால் அது வெள்ளம் தலைக்கு மேல் போனபிறகு வரும் சத்தம். நம் பிள்ளைகளுக்குப் பழகுவது என்ன? முதலில் வை, அப்புறம் யோசி. போட்டிக்கு வேண்டியது நேர் எதிரானது. போன மாதம் நட்பு ஆட்டத்துக்குப் போனபோது நான் கவனித்தேன். நம் ஜூனியர் ஒருவன் காயை வைத்துவிட்டு, விரலை எடுக்காமல், தலையைச் சாய்த்து ஒரு நொடி காத்திருந்தான். எதற்கு என்று முதலில் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. சத்தம் வருதான்னு கேட்கிறான்! மரப்பலகை என்ன சத்தம் போடும்? ஒவ்வொரு மூவுக்கும் அப்படியே காத்திருந்தான். எதிரே இருந்த பையன் இதைப் பார்த்துச் சிரித்தபோது எனக்குக் கோபம் வந்தது. சிரித்தவன்மேல் இல்லை, நாம் கொடுத்த பயிற்சிமேல்.

இங்கே ஒரு கேள்வி வரும். பெரிய ஆட்டக்காரர்களுக்கே கண் தப்புகிறதே, அவர்களுக்கும் ஒரு டியூட்டர் இருந்திருந்தால் நல்லதுதானே என்று. உண்மைதான். 2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் அப்போதைய உலகச் சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினி நிரலோடு மோதினார். இரண்டாவது ஆட்டத்தில் 34-வது மூவாக ராணியை இ3-ல் வைத்தார். கணினி ஹெச்7-ல் ராணியை வைத்து செக்மேட். ஒரே மூவில்! எஃப்8-ல் நின்ற வெள்ளைக் குதிரை அந்த ஹெச்7-க்குக் காவல் இருந்தது. உலகச் சாம்பியன் அதைப் பார்க்கவில்லை. நம் நூலகப் பெட்டியாக இருந்தால்கூடக் கத்தியிருக்கும். ஒரு மூவ் தூரத்தில் இருக்கும் ஆபத்தைப் பிடிப்பதில் அதை அடிச்சுக்க ஆள் இல்லை.

ஆனால் எல்லா ஆபத்தும் அப்படிப் பக்கத்தில் நிற்பதில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டம். நம் சென்னைப் பிள்ளை குகேஷுக்கும் சீனாவின் டிங் லிரெனுக்கும் சமப்புள்ளி. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் ஆட்டம் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55-வது மூவில் டிங் தன் யானையை எஃப்2-ல் வைத்தார். குகேஷ் யானையை வெட்ட, டிங்கின் ராஜா திருப்பி வெட்டியது. யானைக்கு யானை. அடுத்து குகேஷ் தன் மந்திரியை டி5-ல் கொண்டுவந்து நிறுத்தினார். டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் இருந்தது, அதற்கு ஒதுங்க வேறு வழி கிடையாது. மந்திரிக்கு மந்திரி. எல்லாம் வெட்டுப்பட்டதும் மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். அந்த நிலையில் ஒரு கூடுதல் சிப்பாயே ஜெயிக்கப் போதும். டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். 7.5-க்கு 6.5 என்ற கணக்கில் 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன்!

இந்த இடத்தில் நம் கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெட்டுக்கு முன்னால் டிங் ஒரு சிப்பாய் குறைவு, -1. எல்லாம் வெட்டுப்பட்ட பிறகும் -1. வித்தியாசம் சைபர். காய்க் கணக்கை மட்டும் நம்பி, கொஞ்ச தூரமே பார்க்கிற சின்ன டியூட்டர் கத்தவே கத்தாது! ஆழமாகத் தேடும் பெரிய நிரல்கள் உடனே கண்டுபிடித்துவிடும் என்பது வேறு விஷயம். அதுபோல 1972-ல் ஐஸ்லாந்தில் ஸ்பாஸ்கிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பாபி ஃபிஷர் தன் மந்திரியால் ஹெச்2 சிப்பாயை வெட்டினார். எதிராளி ஜி3 என்று ஒரு சிப்பாயைத் தள்ளியதும் மந்திரி உள்ளே மாட்டிக்கொண்டது. வெட்டியது 29-வது மூவில், மந்திரி பறிபோனது 35-வது மூவில். ஆறு மூவ் தள்ளி நடக்கப்போவதைப் பார்க்க முடியாத பெட்டிக்கு, அது இலவசச் சிப்பாயாகத்தான் தெரியும். கணினியின் பார்வை முடியும் இடத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது அதற்கு இல்லாததற்குச் சமம். இதற்கு ‘அடிவான விளைவு’ என்று 1973-லேயே ஹான்ஸ் பெர்லினர் என்ற ஆராய்ச்சியாளர் பெயர் வைத்திருக்கிறார். ஆகவே சத்தம் வரவில்லை என்றால் ‘நல்ல மூவ்’ என்று அர்த்தம் இல்லை. ‘எனக்கு எட்டிய தூரம்வரை பெரிய நஷ்டம் தெரியவில்லை’ என்பதுதான் அர்த்தம். நம் பிள்ளைகளோ சத்தம் வராததைக் கைதட்டலாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் பெட்டியில் வேகமான லெவல் வைத்தால் டியூட்டரும் குறைந்த தூரம்தான் பார்க்கிறது. ஒரு லெவலில் கத்திய மூவுக்கு இன்னொரு லெவலில் சும்மா இருக்கிறது. நீங்களே பரிசோதித்துப் பாருங்கள்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பி.இ.டி. சாரிடம் பேசினேன். “மன்றத்தில் 22 பிள்ளைங்க. சொல்லிக் கொடுக்கத் தனி கோச் கிடையாது. நான் வாலிபாலும் பார்க்கணும், இதையும் பார்க்கணும். அந்தப் பெட்டி சலிக்காம ஒவ்வொருத்தருக்கும் தப்பைக் காட்டுது. அதையும் அணைக்கச் சொல்றியேம்மா?” என்றார். சார் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். இன்னொரு விஷயம் சாருக்கும் தெரியாது. மதிய இடைவேளையில் ஒரு ஆறாம் வகுப்புத் தங்கை தினமும் அந்தப் பெட்டியோடு ஆட வருகிறாள். “பெட்டி முன்னால தப்பு பண்ணா யாரும் சிரிக்க மாட்டாங்க அக்கா” என்றாள். நம் சீனியர்கள் (அண்ணன்மார்களே, உங்களைத்தான்!) ஜூனியர் தப்பு செய்தால் எப்படிக் கேலி செய்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தங்கைக்கு அந்தப் ‘பீப்’ ஒரு துணை. அதைப் பிடுங்கச் சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரி இல்லை.

ஆனால் இதையும் கேளுங்கள். குகேஷுக்குப் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா, ஏறக்குறைய 2500 ரேட்டிங் வரும்வரை கணினி நிரல்களைப் பயன்படுத்தாமலே அவரை வளர்த்தார் என்று பேட்டிகளில் வந்திருக்கிறது. கணினி இல்லாமல் எந்த ஆட்டக்காரரும் இப்போது தயாராவதில்லை என்கிற காலத்தில் அப்படி ஒரு முடிவு! நிலைமை நல்லதா கெட்டதா என்று அந்தப் பையன் தானே எடை போட்டுப் பழகணும், எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதுதான் நோக்கமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நமக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பது வேறு. ஆனால் பழக்கம் என்பது எல்லாருக்கும் ஒன்றுதானே?

பெட்டியை இன்னும் நல்லதாக மாற்றினால் சரியாகிவிடுமே என்று கணினி ஆய்வகத்து நண்பன் ஒருவன் கேட்டான். பலம் கூடும், சந்தேகமில்லை. காரணம் சொல்லுமா? 2020 முதல் ஸ்டாக்ஃபிஷ் போன்ற நிரல்கள் நிலைமையை எடை போட நரம்பு வலைப்பின்னல் என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. ஷானனின் கணக்கில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று விரல் விட்டுச் சொல்லிவிடலாம். இந்தப் புது முறையில் எண் மிகத் துல்லியமாக வருகிறது, ஆனால் ‘ஏன் இந்த எண்?’ என்று கேட்டால் எழுதியவர்களாலேயே வார்த்தையில் சொல்வது கடினம். பெட்டி பெரிதாக ஆக, காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை முழுக்க நம் தலையில்தான் விழும்.

அதனால் மன்றத்துக்கு என் யோசனை இதுதான். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் ஒரு மாதம் டியூட்டர் இருக்கட்டும். ஆனால் கத்தியதும் காயைத் தொடக் கூடாது, இரண்டு கையும் மடியில். பக்கத்தில் ஒரு ஜோடி உட்கார்ந்திருக்கணும். ‘எதிராளி இப்போ என்ன வைப்பான்? இல்லேன்னா நான் எதை விட்டேன்?’ இரண்டில் ஒன்றுக்கு வாய்விட்டுப் பதில் சொன்னபிறகுதான் காயைத் திருப்பலாம், அதுவும் ஒரே தடவை. பதில் தெரியவில்லையா, வைத்த மூவோடு ஆடி, பெட்டி எப்படி அடிக்கிறது என்று பார்க்கட்டும். அந்த அடி மறக்காது. ஒரு மாதம் முடிந்ததும் ஆடும்போது டியூட்டரை அணைத்துவிடணும். ஆட்டத்தை நோட்டேஷன் தாளில் எழுதணும். (எழுதச் சோம்பல்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், பெரிய போட்டிகளில் எழுதியே ஆகணும்.) ஆடி முடித்தபின், எந்த மூவில் தப்பு நடந்தது என்று நினைக்கிறோமோ அதில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, அப்புறம் டியூட்டரைப் போட்டு அதே ஆட்டத்தை முதலிலிருந்து வைத்துப் பார்க்கணும். நம் வட்டமும் பெட்டியின் சத்தமும் எங்கே பொருந்துது, எங்கே பொருந்தலைன்னு பாருங்க, அந்த இடத்தில்தான் சுவாரசியமே இருக்கு. மதியம் தனியாக ஆட வரும் தங்கை மட்டும் அவள் இஷ்டப்படி ஆடட்டும். அவளை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

குறுவட்டப் போட்டிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இந்தப் புதன்கிழமை நாலு மணிக்கு மேல் மன்றக் கூட்டத்தில் இதை முடிவு செய்யப்போகிறார்கள். சார் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார். இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். டியூட்டர் எப்போதும் வேண்டும் என்கிறவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். வெறும் ‘வேண்டும்’ என்று எழுதினால் கணக்கில் வராது. பென்சிலை மட்டும் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், போன இதழுக்குக் கட்டியது இரண்டே நாளில் காணாமல் போய்விட்டது!

– பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, சதுரங்க மன்றம்